கொள்கையும் குழந்தையும்

ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் நுழையும்போது, கையில் நூலோடு உள்ளத்தில் ஒரு கொள்கையையும் ஏந்தி வருகிறார். கல்வி என்பது யாது? மாணவன் எவ்வாறு கற்கிறான்? அவன் என்ன ஆக வேண்டும்? இவ்வினாக்களுக்கு அவர் தம்முள் கண்டுவைத்துள்ள விடைகளே அவருடைய கொள்கை. அது வெளியில் தெரிவதில்லை. ஆயினும் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அது நின்று பேசும்.

புலன்கள் யாவும் நிரம்பப் பெற்ற மாணவனுக்கு ஆசிரியரின் கொள்கையில் பிழை நேரினும் அதனால் வரும் இழப்பு பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டுவிடும். வகுப்பில் விளங்காததை அவன் வீட்டில் கேட்டு அறிவான், தெருவில் கற்பான், நண்பரிடம் தெளிவான். ஆனால் கண்ணோ செவியோ பயன்படாத குழந்தைக்கு நிலைமை வேறு. அக்குழந்தை எப்பள்ளியில் சேர வேண்டும், எம்முறையில் கற்க வேண்டும், எம்மொழியில் பேச வேண்டும் என்பவற்றையெல்லாம் பிறரே முடிவு செய்கின்றனர். அம்முடிவு அதன் வாழ்நாள் முழுவதையும் ஆளும். ஆதலின் சிறப்புக் கல்வியில் ஆசிரியரின் கொள்கைக்கு உள்ள பொறுப்பு மிகப் பெரிது. இவ்வுண்மையைச் செவிப்புலன் இல்லாதார் கல்வியின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தை இழப்பது ஓசையை மட்டுமா? பிற குழந்தைகள் பள்ளிக்கு வருமுன்பே தாய்மொழியைக் கற்றுவிடுகின்றனர். தாலாட்டும், உணவூட்டும்போது தாய் சொல்லும் கதையும், தெருவில் எழும் கூவலும் அவர்களுக்கு ஆசிரியர்கள். செவிப்புலன் இல்லாத குழந்தைக்கு இவற்றுள் எதுவும் எட்டுவதில்லை. அதன் அறிவு குறைந்ததன்று. அறிவுக்குள் மொழி புகும் வாயில் ஒன்று அடைபட்டுள்ளது. அவ்வளவே. கண் திறந்திருக்கிறது, கை அசைகிறது, உள்ளம் ஏங்குகிறது. அவ்வுள்ளத்திற்கு மொழியை எவ்வழியாகக் கொண்டு சேர்ப்பது என்பதே ஆசிரியர் முன் நின்ற வினா.

இவ்வினாவிற்கு இரு விடைகள் எழுந்தன. கையசைவும் முகக்குறிப்பும் கொண்ட சைகைமொழியால் கற்பிக்கலாம் என்றனர் ஒரு சாரார். இதனைச் சைகைநெறி எனலாம். பிறர் பேசும்போது உதடுகள் அசையும் அசைவைக் கண்டு பொருள் உணரவும், தாமே வாயால் பேசவும் பயிற்ற வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். இது பேச்சுநெறி. பேச்சுநெறி கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆயின் அதன் அருமையைக் கண்ணாடி முன் நின்று ஒருமுறை சோதித்தால் எவரும் அறியலாம். ‘படம்’ என்பதையும் ‘மடம்’ என்பதையும் ஓசையின்றிச் சொல்லிப் பார்க்கும்போது உதடுகள் ஒரே வகையாக அசையும். ‘பணம்’, ‘மணம்’ என்பனவும் அவ்வாறே. ககரம் போன்ற ஒலிகள் தொண்டையருகே பிறப்பதால் உதட்டில் அவற்றின் அடையாளமே தோன்றாது. மொழியை முன்பே அறிந்தவர் இடம் நோக்கி ஊகித்துக்கொள்வர். மொழியையே அறியாத குழந்தை எதைக் கொண்டு ஊகிக்கும்?

சைகைநெறியைப் பெரிய அளவில் பள்ளிக்குக் கொணர்ந்தவர் பிரான்சு நாட்டுப் பாதிரியாரான சார்லசு மிஷேல் தெ லெப்பே என்பவர். இவர் 1712-இல் வெர்சேல் நகரில் பிறந்தவர். ஒருநாள் பாரிசு நகரில் ஓர் இல்லத்திற்குச் சென்றார். அங்கே இரு பெண்கள் தையல் வேலை செய்துகொண்டிருந்தனர். இவர் பேசினார், அவர்கள் நிமிர்ந்தும் பாரார். சிறிது நேரத்தில் வந்த தாய், தன் மக்கள் இருவர்க்கும் செவிப்புலன் இல்லை என்பதையும், அவர்களுக்குப் படங்களைக் கொண்டு கற்பித்துவந்த ஆசிரியர் இறந்துவிட்டதையும் கண்ணீரோடு கூறினாள். அப்பெண்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பைப் பாதிரியார் ஏற்றார். 1760-ஆம் ஆண்டையொட்டி அவர் இல்லமே பள்ளியாயிற்று. செல்வர் மக்களும் வறியவர் மக்களும் அங்கே கட்டணமின்றிக் கற்றனர்.

தெ லெப்பேயின் கொள்கை எளியது. குழந்தைகள் தமக்குள் கைகளால் பேசிக்கொள்வதை அவர் கண்டார். அவர்களுக்குக் கற்பிக்கப் புகுமுன் அவர்களிடமிருந்து தாம் கற்க வேண்டும் என்று துணிந்தார். மாணவரின் சைகைகளைக் கற்று, அவற்றின் வழியே பிரெஞ்சு மொழியை எழுதவும் படிக்கவும் பயிற்றினார். அவரிடமும் குறை இல்லாமலில்லை. பிரெஞ்சு இலக்கணத்திற்கு ஏற்பப் புதிய சைகைகள் பலவற்றை அவரே படைத்துச் சேர்த்தார். அவை சுமையாயின, பின்வந்தோர் அவற்றைக் கைவிட்டு மாணவரின் இயல்பான சைகைகளையே மேற்கொண்டனர். ஆயினும் அவர் இட்ட அடிப்படை உறுதியானது. தம் முறையை அவர் மறைக்கவில்லை. ஆத்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1777-இல் பள்ளியைக் கண்டு வியந்தார். அங்குப் பயிற்சி பெற ஒருவரை அனுப்பினார். அதன் பயனாக 1779-இல் வியன்னா நகரில் ஒரு பள்ளி தோன்றியது.

அதே காலத்தில் செருமனி நாட்டில் சாமுவேல் ஹைனிக்கே என்பவர் பேச்சுநெறியைப் போற்றி வளர்த்தார். 1778-இல் லைப்சிக் நகரில் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வாய்மொழி இன்றேல் தெளிந்த சிந்தனை இல்லை என்பது அவர் கொள்கை. உயிரொலிகளை மாணவர் நினைவில் பதிக்கக் காடி, சர்க்கரை நீர் முதலியவற்றின் சுவைகளைத் துணையாகக் கொண்டார். இம்முறையை அவர் கமுக்கமாகவே வைத்திருந்தார். தெ லெப்பேக்கும் அவருக்கும் இடையே மடல் வழியாகக் கடுமையான வாதம் நிகழ்ந்தது. இருவரும் தம் மாணவர்மீது அன்புடையவரே. ஒருவர் மாணவனிடம் இருப்பதிலிருந்து தொடங்கினார். மற்றவர் அவனிடம் இல்லாததிலிருந்து தொடங்கினார். வேறுபாடு அங்கேதான் அமைந்தது.

பாரிசுப் பள்ளி ஈன்ற மாணவருள் சிறந்தவர் லோரான் கிளேர். இவர் 1785-இல் பிறந்தவர். ஒரு வயதளவில் நெருப்பில் விழுந்தமையால் செவிப்புலன் இழந்தார் என்பர். பள்ளியில் இவருக்குப் பேச்சும் பயிற்ற முயன்றனர். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ஒலிகளை வேறுபடுத்திச் சொல்ல இயலாமல் இவர் தடுமாறியபோது, பயிற்றுவித்தவர் சினந்து மோவாயில் ஓங்கி அடித்தார். நாக்கு பற்களிடையே சிக்கிப் புண்பட்டது. இனி வாயால் பேசக் கற்பதில்லை என்று சிறுவர் கிளேர் உறுதி கொண்டார். பின்னர் அதே பள்ளியில் புகழ்பெற்ற ஆசிரியரானார்.

அந்நாளில் அமெரிக்காவில் தாமசு ஹாப்கின்சு காலடெட் என்னும் இளைஞர், அண்டை வீட்டுச் சிறுமியான ஆலிசு காக்ஸ்வெல்லுக்குக் கற்பிக்க விரும்பினார். அச்சிறுமிக்குச் செவிப்புலன் இல்லை. முறையைக் கற்றுவர 1815-இல் காலடெட் கடல் கடந்தார். பிரிட்டனில் இக்கல்வியை ஒரு குடும்பத்தார் தம் தொழிலாகக் காத்து வந்தனர். எளிதில் பிறர்க்குக் கற்பிக்க அவர்கள் இசையவில்லை. பாரிசுப் பள்ளியோ கதவு திறந்து வரவேற்றது. 1816-இல் கிளேரையும் உடன் அழைத்துக்கொண்டு காலடெட் நாடு திரும்பினார். கப்பற் பயணம் 52 நாள் நீண்டது. அந்நாள்களில் கிளேர் காலடெட்டிடம் ஆங்கிலம் கற்றார். காலடெட் கிளேரிடம் சைகைமொழி கற்றார். ஆசிரியரும் மாணவரும் இடம் மாறி மாறி அமர்ந்த அக்கப்பலே ஒரு நல்ல பள்ளியாக விளங்கிற்று. 1817 ஏப்ரல் 15-ஆம் நாள் ஹார்ட்போர்டு நகரில் அவர்கள் பள்ளி திறக்கப்பட்டது. கிளேர் 1858 வரை அங்கே கற்பித்தார். அவரிடமும் அவர் மாணவரிடமும் பயின்றோர் பல மாநிலங்களில் ஆசிரியராயினர். 1864-இல் வாஷிங்டன் நகரில் இருந்த நிறுவனத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்த சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிங்கன் கையொப்பமிட்டார். அதுவே பிற்காலத்தில் காலடெட் பெயரைத் தாங்கிய கல்லூரி.

இவ்வாறு வளர்ந்த சைகைநெறிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் இடையூறு வந்தது. ஐரோப்பாவில் புதிய நாடுகள் ஒன்றுபட்டு எழுந்த காலம் அது. ஒரு நாட்டிற்கு ஒரு மொழி வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. கையால் பேசுவோர் தமக்குள்ளேயே கூடி வாழ்ந்து சமூகத்திலிருந்து விலகிவிடுவர் என்று பலர் அஞ்சினர். 1876-இல் தொலைபேசிக்கு உரிமம் பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் பேச்சுநெறியின் பக்கமே நின்றார். அவருடைய அன்னைக்கும் மனைவிக்கும் செவிப்புலன் இல்லை; அவரே அத்தகையோர்க்குக் கற்பித்த ஆசிரியர். ஆகவே பேச்சுநெறியினர் அன்பற்றவர் என்று கூறுதல் பொருந்தாது. மாணவரை உலகத்தோடு இணைக்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். நோக்கம் நன்று, ஆனால் அந்நோக்கத்திற்கு ஒரே வழிதான் உண்டு என்று அவர்கள் முடிவு கட்டினர்.

1880 செப்டம்பர் 6 முதல் 11 வரை இத்தாலியின் மிலான் நகரில், செவிப்புலன் இல்லாதாரின் ஆசிரியர் மாநாடு ஒன்று கூடியது. பேராளர் 164 பேர். அவருள் மிகப் பலர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரருமே. செவிப்புலன் இல்லாதவர், வாஷிங்டனிலிருந்து வந்த ஜேம்சு டெனிசன் ஒருவரே என வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குறிக்கின்றன. மிலான் பள்ளிகளின் மாணவர் சிலர் பேராளர் முன்னிலையில் வாயால் விடையளித்துக் காட்டினர். வினாக்கள் முன்னரே பயிற்றப்பட்டவையோ எனப் பார்வையாளர் சிலர் ஐயுற்றனர். ஆயினும் அவையினர் உள்ளம் உருகிற்று. சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது என்பதில் ஐயமில்லை, கல்வியில் அதுவே முதன்மை பெற வேண்டும் என்ற தீர்மானத்திற்கு 160 பேர் ஆதரவாக வாக்களித்தனர், எதிர்த்தோர் நால்வர். சைகையையும் பேச்சையும் கலந்து பயன்படுத்துதலும் தீது. தூய பேச்சுநெறியே வேண்டும் என்று அடுத்த தீர்மானம் உரைத்தது. அமெரிக்கப் பேராளர் எதிர்த்தும் பயனில்லை.

அம்மாநாட்டிற்கு எந்நாட்டையும் ஆளும் அதிகாரம் இல்லை. எனினும் ஆசிரியரின் கொள்கை சட்டத்தினும் வலியது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. நாடுதோறும் பள்ளிகள் பேச்சுநெறிக்கு மாறின. வகுப்பில் சைகை செய்தல் குற்றமாயிற்று. மாணவர் கைகளை மடக்கி வைக்கவும், அவற்றின்மீதே அமரவும் பணிக்கப்பட்டனர். சில இடங்களில் கைகள் கட்டவும்பட்டன. செவிப்புலன் இல்லாத ஆசிரியர் பேச்சுப் பயிற்ற இயலாதவர் என்று கருதப்பட்டதால் படிப்படியாகப் பள்ளியினின்றும் விலக்கப்பட்டனர். கிளேர் போன்ற ஓர் ஆசிரியரைக் கண்டு, “யானும் இவரைப் போல் ஆவேன்” என்று ஒரு சிறுவன் எண்ணும் வாய்ப்பும் அவர்களோடு மறைந்தது. வரலாறும் கணக்கும் கற்க வேண்டிய நேரம், ஓர் ஒலியைச் சரியாக எழுப்பும் முயற்சியில் கழிந்தது. ஒலி பிழையாயின் மாணவனின் முயற்சியைக் குறை கூறினர். கொள்கையைக் குறை கூறியவர் அரியர்.

சைகைமொழி அதனால் அழியவில்லை. விடுதியிலும் விளையாட்டிடத்திலும் மாணவர் ஒருவர்க்கொருவர் அதனைக் கற்பித்துக் காத்தனர். மிலான் மாநாடு கூடிய அதே 1880-இல் அமெரிக்காவின் செவிப்புலன் இல்லாதார் தமக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தனர். அதன் தலைவராய் இருந்த ஜார்ஜ் வெடிட்சு, அப்போது புதிதாக வந்திருந்த திரைப்படக் கருவியைத் துணைக்கொண்டார். சைகைமொழியைக் காக்க வேண்டும் என்று அவர் சைகையாலேயே ஆற்றிய உரை 1913-இல் படமாக்கப்பட்டது. எழுத்தில் அடங்காத மொழிக்கு அப்படச்சுருளே ஏடாயிற்று. அது இன்றும் காணக் கிடைக்கின்றது.

பேச்சுநெறியின் விளைவு யாது? பிரிட்டனில் பள்ளிக் கல்வியை முடித்து வெளியேறும் நிலையில் இருந்த செவிப்புலன் இல்லா மாணவரை ஆராய்ந்த உளவியலறிஞர் கான்ராடு, தம் முடிவுகளை 1979-இல் வெளியிட்டார். பதினைந்து, பதினாறு வயதுடைய அம்மாணவருள் பாதிப்பேரின் படிப்புத்திறன், செவிப்புலன் உள்ள ஒன்பது வயதுக் குழந்தையின் திறனைக் கடக்கவில்லை. பத்தாண்டு உழைப்பின் பயன் இவ்வளவே. குழந்தைகளிடம் அறிவு இருந்தது. அதனை வளர்க்கும் மொழி உரிய காலத்தில் வந்து சேரவில்லை.

மாற்றத்திற்கு வித்திட்டவரும் ஓர் ஆசிரியரே. வில்லியம் ஸ்டோக்கி 1955-இல் காலடெட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகச் சேர்ந்தார். அவர் செவிப்புலன் உடையவர். சேரும்போது சைகைமொழி அறியாதவர். வகுப்பில் ஆசிரியர் காட்டும் சைகைக்கும், மாணவர் தமக்குள் பேசும் சைகைக்கும் வேறுபாடு இருப்பதை அவர் கண்டார். முன்னது ஆங்கிலத்தின் நிழல். பின்னதற்கோ தனி ஒழுங்கு இருந்தது. கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு சைகைச்சொல் பிறக்கிறது. அவற்றுள் ஒன்று மாறினும் பொருள் மாறும் என்று அவர் கண்டறிந்தார். ‘கல்’ என்னும் சொல்லில் முதலெழுத்து மாறின் ‘பல்’ ஆவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். ஆகவே சைகைமொழி வெறும் கைவீச்சன்று. இலக்கணம் அமைந்த முழுமொழி என்று 1960-இல் அவர் எழுதினார். உடன் பணியாற்றியோர் பலர் எள்ளினர். நெடுங்காலம் தம் மொழியைத் தாழ்ந்ததென்று கேட்டுப் பழகிய செவிப்புலன் இல்லாதாருள்ளும் சிலர் அதனை நம்பவில்லை. அவரோ தளரவில்லை. செவிப்புலன் இல்லாத ஆசிரியரான டோரதி காஸ்டர்லைன், கார்ல் குரோனெபர்க்கு ஆகியோருடன் கூடி 1965-இல் அம்மொழிக்கு அகராதியும் வெளியிட்டார்.

அதன்பின் உலகம் மெல்லத் திரும்பியது. 1981-இல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் சைகைமொழியை ஏற்றது. 1988-இல் மாணவர் நடத்திய அறப்போராட்டத்தின் பயனாக, காலடெட் பல்கலைக்கழகத்தில் முதன்முறையாகச் செவிப்புலன் இல்லாத ஒருவர் தலைவரானார். 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அனைத்துலகக் கல்வி மாநாடு, மிலான் தீர்மானங்களைத் தள்ளுவதாக அறிவித்து, அவற்றால் விளைந்த தீங்கிற்கு வருந்தியது. ஒரு வாக்கெடுப்பின் பிழையைத் திருத்த 130 ஆண்டுகள் ஆயின. நம் நாட்டில் 2015-இல் இந்தியச் சைகைமொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஒன்று டில்லியில் நிறுவப்பட்டது. 2016-இல் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், செவிப்புலன் இல்லாதார்க்கும் கண்பார்வை இல்லாதார்க்கும் மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி கிடைக்க வேண்டும் என்று விதித்துள்ளது.

இவ்வரலாற்றைக் கொண்டு பேச்சுப் பயிற்சியே வேண்டா என்று கொள்ளுதல் மற்றொரு பிழையாகும். சிறிதளவேனும் செவிப்புலன் எஞ்சியுள்ள குழந்தைகள் கேட்புக் கருவிகளின் துணையால் நன்கு பேசுகின்றனர். அறுவை வழியாக உட்செவியில் பொருத்தப்படும் கருவியும் இன்று பலர்க்குப் பயன்படுகின்றது. ஒரு குழந்தைக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போகலாம். மிலானில் நிகழ்ந்த தவறு பேச்சை விரும்பியதன்று. எல்லாக் குழந்தைக்கும் ஒரே வழி என்று விதித்ததும், அவ்வழியில் நடக்க வேண்டியவரைக் கேளாமலே விதித்ததும் ஆகும்.

எனவே சிறப்புக் கல்வியில் முடிவெடுக்கும் ஆசிரியர்க்கு மூன்று நெறிகள் இன்றியமையாதன. முதலாவது, குழந்தையிடம் இல்லாததை எண்ணி வருந்துமுன் இருப்பதை அறிதல். இரண்டாவது, முடிவுக்கு உரியவரையும் அவரைப் போல் வாழ்ந்து பழகியவரையும் அவையில் அமர்த்திக் கேட்டல். மூன்றாவது, கற்பிக்கும் முறை பயன் தரவில்லையாயின் குழந்தையை ஐயுறுமுன் கொள்கையை ஐயுறுதல். தெ லெப்பேயும் காலடெட்டும் ஸ்டோக்கியும் புலமையால் மட்டும் பெரியவராகவில்லை. மாணவரின் கைகளைக் கட்டாமல், அவை சொல்வது யாது என்று கண்ணூன்றிப் பார்த்தமையால் பெரியவராயினர்.

காலணிக்கு ஏற்பக் காலைச் செதுக்குவார் எவரும் இலர். கொள்கைக்கு ஏற்பக் குழந்தையை வளைக்க முற்படும்போதெல்லாம் ஆசிரியர் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.